உயிரியல் மட்டும்

ஏழு வருடங்களாக நான் திண்டுக்கல்லில் ஒரு ஸ்கேன் சென்டரில் ரிப்போர்ட் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். இருட்டாக்கிய அறையில் டாக்டரம்மா ஒரு கையால் நோயாளியின் வயிற்றின்மேல் கருவியை நகர்த்திக்கொண்டே, திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு போவார். பக்கத்தில் சின்ன மேசையில் உட்கார்ந்து நான் தட்டுவேன். கல்லீரல் இந்த அளவு, பித்தப்பை இப்படி, சிறுநீரகம் இப்படி. கல்லூரியில் நான் படித்தது கணினி அறிவியல். டாக்டர் சொல்லும் சொற்களில் ஒன்றில்கூட எழுத்துப்பிழை விடமாட்டேன். ஆனால் ஒன்றுக்கும் பொருள் தெரியாது. அதை நானும் ஒரு குறையாக நினைக்கவில்லை, அங்கே வேறு யாரும் நினைக்கவில்லை. கை வேகமான பெண் என்று பெயர் வாங்கியிருந்தேன்.

ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் முதலிலிருந்து அடிக்க நேரம் இருக்காது. முன்னால் வந்த ஒருவருடைய ரிப்போர்ட்டைத் திறந்து, பெயர், வயது, அளவுகளை மாற்றி, வேறு பெயரில் சேமித்துவிடுவேன். சேவுகம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு அம்மாவுக்கும் அப்படித்தான் செய்தேன். ஐம்பது வயது இருக்கும். காட்டு வேலை செய்கிறவர் என்பது கையைப் பார்த்தாலே தெரிந்தது. அவருக்குச் சிறுநீரகத்தில் கல். அவருக்கு முன்னால் வந்தவருக்கும் கல். பெயரை மாற்றினேன், வயதை மாற்றினேன், கல்லின் அளவை மாற்றினேன். எந்தப் பக்கத்துக் கல் என்பதை மாற்றவில்லை. டாக்டர் 'லெஃப்ட்' என்று சொன்னது என் காதில் விழுந்தது, அது இன்றைக்கும் நினைவிருக்கிறது. தாளில் 'ரைட்' என்று போனது. வெளியே கூட்டம் நின்றது. டாக்டர் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

நான்கு நாள் கழித்து, கல்லை எடுக்கவிருந்த மருத்துவர் போன் செய்தார். எடுப்பதற்கு முன்னால் அவரே ஒரு முறை ஸ்கேன் பார்த்திருக்கிறார். வலப்பக்கம் ஒன்றுமில்லை, கல் இடப்பக்கம் இருக்கிறது. எங்கள் டாக்டர் போனை வைத்துவிட்டு, என் கணினியில் அந்த ரிப்போர்ட்டைத் திறந்து படித்தார். பிறகு அந்த அம்மாவைத் திரும்ப வரச்சொன்னார்.

அன்று மாலையே அவரும் அவருடைய கணவரும் வந்தார்கள். மறுபடி ஸ்கேன் செய்தோம். டாக்டர் இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். முடிந்ததும் அந்த அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டே, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் பேசினார்.

"எனக்கு எடப்பக்கந்தான் வலிச்சுச்சு டாக்டரு. சீட்டுல வலப்பக்கம்னு போட்டிருக்குன்னு எம்மக வாசிச்சுச் சொன்னா. படிச்சவுக எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு நாலு நாளா வலப்பக்கமே தடவிக்கிட்டுக் கெடந்தேன். போகப் போக அங்கிட்டும் வலிக்கிற மாதிரியே இருந்துச்சு."

டாக்டர் அவரிடம், "கையெழுத்து என்னோடதும்மா. தப்பும் என்னோடதுதான்" என்றார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எல்லோரும் போன பிறகு, "இனிமே பழைய ஃபைலைத் தொறக்காத. ஒவ்வொண்ணும் புதுசா அடி" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் வீட்டுக்குப் போய் அழுதுவிட்டு மறந்திருப்பேன் என்று தோன்றுகிறது.

என்னால் மறக்க முடியவில்லை. தன் உடம்பில் வலிக்கிற இடத்தைவிட நான் அடித்த தாளை அந்த அம்மா நம்பியிருக்கிறார். அந்தத் தாளை அடித்த எனக்கோ வயிற்றுக்குள் எது எங்கே இருக்கிறது என்றே தெரியாது. ஒரு வாரம் கழித்து, கூட்டமில்லாத மதியத்தில் டாக்டரிடம் கேட்டேன்.

"மேடம், ரைட்னு நம்பியே பண்ணியிருந்தா?"

"பண்ண மாட்டாங்க. பாத்துட்டுத்தான் கை வைப்பாங்க." பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார். "நீ பயாலஜி படிச்சிருக்கியா?"

"இல்ல மேடம். கம்ப்யூட்டர் குரூப்."

"ஏன்?"

"எனக்குப் படம் வரைய வராது."

அவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது உண்மையான காரணம். பதினைந்து வயதில், ரெக்கார்டு நோட்டில் தவளையும் செம்பருத்தியும் வரையவேண்டுமே என்ற பயத்தில்தான் அந்தப் பாடத்தை விட்டேன்.

திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு உயிரியலை மட்டும் தனியாக எழுதலாம் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என் கணவர் நூற்பாலையில் ஃபிட்டர். அவரிடம் சொன்னபோது ஷிப்டு முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்கு?" என்றார்.

"தெரிஞ்சுக்கத்தான்."

"அதுக்கு யூடியூப் பத்தாதா?"

"பரிச்சை எழுதுனாத்தான் எனக்குப் படிச்ச மாதிரி இருக்கும்."

அவர் தட்டைப் பார்த்தபடியே தலையாட்டினார். இரண்டு நாள் கழித்து, செல்போனைப் பார்த்துக்கொண்டே, "ஏய், இங்க பாரு. மேத்ஸ் குரூப் படிச்சவுக பயாலஜிய மட்டும் தனியா எழுதிப் பாஸ் பண்ணுனா நீட் எழுதலாமாம்ல. விதிய மாத்திட்டாகளாம். வயசு வரம்பும் கெடையாதாம்" என்றார். விளையாட்டாகச் சொன்ன மாதிரிதான் இருந்தது. ஆனால் என்னைப் பார்க்காமல் சொன்னார். அன்று முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. எனக்கு முப்பது வயது. மகள் முதல் வகுப்பில் படித்தாள்.

வகுப்புகள் ஞாயிற்றுக்கிழமைகளில், ஊருக்குள் இருந்த ஒரு மேல்நிலைப் பள்ளியின் ஆய்வகத்தில் நடந்தன. மாதா கோயிலில் ஞாயிறு காலைப் பூசையை விட்டுவிட்டுப் போவதில் மாமியாருக்குச் சம்மதமில்லை. விடியற்பூசைக்குப் போய்விட்டுப் போகிறேன் என்றதும் ஒத்துக்கொண்டார். மகளைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து கோயில் மறைக்கல்வி வகுப்புக்கு அனுப்புவதை அவரே பார்த்துக்கொண்டார்.

வகுப்பில் பதினோரு பேர். பாதிப் பேர் பள்ளியில் தோற்றுவிட்டு வந்த பிள்ளைகள். எங்களில் ஒருவர் கன்னியர் மடத்துச் சிஸ்டர். இருபத்தாறு வயது. வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, பன்னிரண்டு முடித்ததும் மடத்தில் சேர்ந்தவர். என்னைப்போலவே உயிரியல் இல்லாத பிரிவில் படித்தவர். முதல் நாளே ஒரே மேசையில் உட்கார்ந்தோம். மைக்ராஸ்கோப்பும் இருவருக்கும் ஒன்றுதான்.

"எங்க சபைக்கு ஒரு ஆஸ்பத்திரி இருக்குக்கா. டாக்டரு யாரும் நெலைக்க மாட்டேங்குறாக. அதான் மதர் என்னையப் படிக்கச் சொல்லிட்டாக" என்றார் சிஸ்டர்.

"உங்களுக்கு விருப்பமா சிஸ்டர்?"

"நான் டீச்சராகணும்னு நெனச்சேன். சின்னப் பிள்ளைகளுக்கு." வெங்காயத் தோலை ஊசியால் கண்ணாடித் துண்டின்மேல் விரித்தபடியே சொன்னார். "கேட்டதுக்குச் சரின்னுட்டேன்."

அவர் அழகாக வரைவார். ஒரே இழுப்பில் செல் சுவர் வந்துவிடும். நான் அழித்து அழித்து வரைந்ததில் நோட்டில் ஓட்டை விழுந்தது. பல ஞாயிறுகளில், அவர் வரைந்து முடித்துவிட்டு, நான் முடிக்கும்வரை கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். என் நோட்டை வாங்கி வரைந்து தருகிறேன் என்று அவர் ஒருமுறைகூடச் சொல்லவில்லை. நான் கேட்டிருந்தாலும் செய்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன்.

சிறுநீரகப் பாடம் வந்தது. ஆய்வகத்தில் இருந்த பிளாஸ்டர் மாதிரியில் பாதி உடைந்து, பெயிண்ட் உரிந்திருந்தது. "நெசமானத ஒரு தடவை பாத்துருவோமாக்கா?" என்றார் சிஸ்டர். அடுத்த ஞாயிறு வகுப்புக்கு முன்னால் இருவரும் ஆட்டுக்கறிக் கடைக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். கடைக்காரர் சிஸ்டரைப் பார்த்ததும் மற்றவர்களை விலக்கிவிட்டு, "சொல்லுங்க சிஸ்டர், எத்தனை கிலோ?" என்றார்.

"ஒரு குண்டிக்காய் மட்டும் போதும்ணே. வெட்டாம குடுங்க."

"ஒண்ணே ஒண்ணா?" அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

ஆய்வக மேசையில் வைத்து, பிளேடால் நீளவாக்கில் அந்தச் சிறுநீரகத்தைப் பிளந்தது நான். உள்ளே நடுவில் வெளுத்த ஒரு குழிவு இருந்தது. சிறுநீர் வந்து சேரும் இடம். கல் தங்குவது அங்கேதான். ஆயிரம் தடவையாவது அந்த இடத்தின் பெயரைத் தட்டியிருப்பேன். சுண்டுவிரல் நுனிகூட நுழையாத இடம். மனிதருக்கு வலப்பக்கத்துச் சிறுநீரகம் கொஞ்சம் தாழ்ந்து இருக்கும், மேலே கல்லீரல் இருப்பதால் என்று புத்தகத்தில் அன்றுதான் படித்தேன். வலது, இடது என்பது வெறும் இரண்டு சொற்கள் இல்லை என்பது அப்போதுதான் கைக்குத் தெரிந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. சிஸ்டர் என்ன என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன். வீட்டில்கூட முழுதாகச் சொல்லாததை அவரிடம் சொன்னேன்.

"அந்தம்மாக்கிட்ட நீங்கதான்னு சொன்னீங்களா?" என்றார்.

"இல்ல."

அவர் பிளேடைக் கழுவி வைத்தார். அந்தக் கேள்வியே போதுமாக இருந்தது.

ஸ்கேன் சென்டர் பதிவேட்டிலிருந்து அந்த அம்மாவின் ஊரையும் தெருவையும் பார்த்துக்கொண்டேன். அப்படிப் பார்ப்பது முறையில்லை என்று தெரியும். ஒரு நாள் விடுப்புப் போட்டு, இரண்டு பேருந்து மாறிப் போனேன். வீட்டில் ஆளில்லை. பக்கத்து வீட்டில் கேட்டதும், தோட்டத்தில் இருப்பதாகச் சொல்லி வழி காட்டிவிட்டார்கள். அந்த அம்மா கத்தரிக்காய் பறித்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் தெரியவில்லை. அந்த அறை இருட்டு. நான் எப்போதும் கணினிக்குப் பின்னால் இருப்பவள். எங்கே வேலை பார்க்கிறேன் என்று சொல்லி, அந்தத் தாளை அடித்தது நான்தான் என்றும் சொன்னேன்.

"நீ அடிச்சதா?" என்றார் ஆச்சரியமாக. "நான் மெசினே எழுதிக் குடுத்துரும்னுல்ல நெனச்சேன்."

"மன்னிச்சுருங்கம்மா" என்றேன்.

அவர் கூடையைக் கீழே வைத்தார். "கல்லு எடுத்தாச்சு, இப்ப நல்லாத்தான் இருக்கேன். ஆனா ஒம்மேல கோவமே இல்லன்னு சொல்ல மாட்டேன் தாயி. நாலு நாளு என் ஒடம்ப நானே நம்பாமக் கெடந்தேன்ல. வலியக்கூடத் தாங்கிக்கிரலாம். அதத்தான் தாங்க முடியல." பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "வெயில்ல வந்திருக்க. தண்ணி குடி. பஸ்ஸு ரெண்டரைக்குத்தான் வரும்."

வரப்பில் வேப்பமர நிழலில் உட்கார்ந்தோம். ஞாயிறுதோறும் படிக்கப் போகிறேன் என்றதும், என்ன படிக்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். "இம்புட்டு வயசுக்கு மேலயா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. பேருந்து வரும்வரை வேறு ஏதேதோ பேசினோம். மன்னித்தேன் என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. திரும்பி வரும்போது என் மனம் இலேசாகிவிடவில்லை. ஆனால் ஒளித்துவைக்க ஒன்றும் மிச்சமில்லை.

உயிரியலில் இருவரும் தேறினோம். என் கணவர் மதிப்பெண் தாளை இரண்டு தடவை வாசித்துவிட்டு, "அப்ப நீட்டு எழுது" என்றார். இந்த முறை என்னைப் பார்த்தே சொன்னார். சிஸ்டரை மடத்தில் ஒரு வருடம் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள். நான் வேலையை விட முடியாது. பதினான்கு வருடத்துக்கு முன்னால் படித்த இயற்பியலையும் வேதியியலையும் பேருந்திலும் மதியச் சாப்பாட்டு நேரத்திலும் திரும்பப் படித்தேன். மகள் வாய்ப்பாடு சொல்லும்போது பக்கத்தில் உட்கார்ந்து நான் சூத்திரம் எழுதுவேன். அந்த வருடம் அவளுக்கு இரண்டு முறை காய்ச்சல் வந்தது. இரண்டு முறையும் என் மாமியார்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார். அதைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை. எனக்குத்தான் இப்போதும் உறுத்துகிறது.

தேர்வு நாளன்று பள்ளி வாசலில் கூட்டம். வெயில் கொளுத்தியது. பிள்ளைகள் கம்மலைக் கழற்றி அம்மாக்கள் கையில் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வரிசையில் நான் வாசலை நெருங்கியதும் காவலுக்கு நின்றவர், "பேரண்ட்ஸ் எல்லாம் கயித்துக்கு அங்கிட்டு நில்லுங்கம்மா" என்று கையைக் காட்டினார்.

"நான்தாங்க எழுதுறேன்" என்று ஹால் டிக்கெட்டை நீட்டினேன்.

அவர் போட்டோவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "போங்கம்மா, போங்க" என்று கயிற்றைத் தானே தூக்கிப் பிடித்தார். எனக்குப் பின்னால் நின்ற பெண் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே போய் என் எண்ணைத் தேடி உட்கார்ந்தேன். உயிரியல் கேள்விகள் எல்லாம் தெரிந்தவர்கள்போல் வந்து நின்றன. இயற்பியலில் நேரம் போய்விட்டது. மணி அடித்தபோது பல கேள்விகளைத் தொடவே இல்லை. வெளியே வந்தேன். என்னைக் கொண்டுவந்து விட்ட என் கணவர் கயிற்றுக்கு வெளியே அதே இடத்தில் நின்றார். எப்படி எழுதினாய் என்று கேட்காமல் மோர் வாங்கிக் கொடுத்தார்.

தேர்ச்சிக்கான மதிப்பெண் வந்தது. இடம் கிடைப்பதற்கான மதிப்பெண் வரவில்லை. தனியார் கல்லூரியை நாங்கள் நினைத்துப் பார்க்கவே இல்லை. அந்தப் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்தது.

சில வாரங்கள் கழித்துச் சிஸ்டர் போன் செய்து, மடத்துக்கு வரமுடியுமா என்று கேட்டார். வரவேற்பறையில் எனக்காகக் காத்திருந்தார். வெளி மாநிலத்தில் ஒரு மிஷன் கல்லூரியில் சபைகள் அனுப்புகிறவர்களுக்கென்று சில இடங்கள் உண்டாம். அதில் ஒன்று அவருக்குக் கிடைத்துவிட்டது. சொல்லும்போது அவர் முகத்தில் சந்தோஷமே இல்லை.

"உங்களுக்கு மார்க் எம்புட்டுக்கா?" என்று கேட்டார்.

சொன்னேன். அவருடையதைவிட அதிகம். அவருக்கும் அது தெரிந்திருக்கவேண்டும்.

அவர் அழ ஆரம்பித்தார். "நான் கேக்கவே இல்லக்கா. கேட்டவுகளுக்குக் கெடைக்கல."

உள்ளதைச் சொல்லவேண்டுமென்றால், அந்த நேரத்தில் அவர்மேல் எனக்கு இரக்கம் வரவில்லை. சபையும் மதரும் எனக்கு இல்லையே என்று தோன்றியது. அந்த அறையில் இருந்த மாதா சொரூபத்தையும் மேசைவிரிப்பையும் மின்விசிறியையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் அழுது முடிக்கக் காத்திருந்தேன் என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் அவர் நிறுத்தவில்லை. கடைசியில் எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சிஸ்டர், அது என் எடம் இல்ல. உங்களுக்குக் கெடைக்கலன்னாலும் எனக்கு வந்திருக்காது."

"பயமா இருக்குக்கா."

"எதுக்குப் பயம்?"

"எனக்கு அந்த ஆசையே இன்னும் வரல. ஆசையே இல்லாம எப்படி ஒருத்தரத் தொட்டுப் பாக்குறது?"

"போகப் போக வரும்" என்று நான் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியாததைச் சொல்ல வாய் வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த வருடமும் நான் தேர்வு எழுதினேன். மதிப்பெண் கொஞ்சம் ஏறியது. இடம் கிடைக்க வேண்டிய மதிப்பெண்ணும் கூடவே ஏறியது. அதோடு நிறுத்திக்கொண்டேன். இன்னொரு தடவை பார் என்று என் கணவர் சொன்னார். வேண்டாம் என்றேன். எனக்காக வீட்டில் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பதை இன்னொரு வருடம் பார்க்க முடியாது என்று தோன்றியது. அன்று குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பிறகு மகளுக்குத் தலை பின்னிவிட்டேன்.

உயிரியல் இருந்ததால் ரேடியோகிராபி டிப்ளமோவுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. இப்போது சின்னாளப்பட்டி தாண்டி மதுரை ரோட்டில் இருக்கும் ஒரு கல்லூரியில் முதல் வருடம் படிக்கிறேன். வகுப்பில் எனக்கு அடுத்த வயதுக்காரிக்கு இருபத்திரண்டு. எல்லோரும் அக்கா என்று கூப்பிடுகிறார்கள். ஒருத்தி மட்டும் முதல் வாரம் முழுக்க மேடம் என்று எழுந்து நின்றாள். ஸ்கேன் சென்டரில் மாலையில் மட்டும் வேலை பார்க்கிறேன். டாக்டர் அதற்குச் சம்மதித்தார்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்குச் சிஸ்டர் வந்திருந்தார். வேடசந்தூருக்குப் போகும் வழியில் திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கி என்னைக் கூப்பிட்டார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். மெலிந்திருந்தார். முதல் வருட உடற்கூறியலில் ஒரு முறை தோற்று, மறுபடி எழுதித் தேறியதாகச் சொன்னார். அதைச் சொல்ல வெட்கப்படவில்லை.

"மொதல் நாள் நாங்க அறுத்துப் படிக்க வச்சிருந்த ஒடம்பு மேல இருந்த துணிய எடுத்தாக. எல்லாப் பிள்ளைகளும் பின்னால போயிருச்சுக. எனக்கு மட்டும் போகத் தோணலக்கா. யாரு வீட்டு ஆளோன்னு நெனச்சேன். கர்த்தர் கற்பித்த செபம் ஒண்ணு சொல்லிட்டுத்தான் கத்தியத் தொட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் பாடம்தான்."

நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நரம்பு கையில் எப்படி இருக்கும், நுரையீரல் கனமா, இதயத்தின் வால்வு கண்ணுக்குத் தெரியுமா, தோலுக்குக் கீழே முதலில் என்ன வரும். அவர் டீ டம்ளரை வைத்தும், தன் முழங்கையைத் தொட்டும், காற்றில் வரைந்தும் சொன்னார். இரண்டு வேடசந்தூர் பேருந்துகள் போய்விட்டன. மூன்றாவதும் கிளம்பத் தயாரானதும்தான் எழுந்தோம்.

"நீங்க கேட்டதுல பாதிக்கு எனக்குப் பதில் தெரியலக்கா. போயிப் பாத்துட்டு எழுதுறேன்" என்று படியில் ஏறிக்கொண்டே சொன்னார்.

"சரி சிஸ்டர். மெதுவா எழுதுங்க."

பேருந்து நகர்ந்தது. கூட்டத்தில் அவர் தலைமுக்காடு மட்டும் கொஞ்ச தூரம் தெரிந்தது. எனக்கு மறுநாள் கதிர்வீச்சுப் பாதுகாப்பில் ஒரு தேர்வு இருந்தது. வீட்டுக்குப் போய்ப் படிக்க உட்கார்ந்தேன்.